மொட்டை மாடி உறக்கமும் அதன் வெப்பவியலும்

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு உணவு முடிந்ததும் பாயையும் தலையணையையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவது, குளிர்சாதனங்கள் வீடுதோறும் வருவதற்கு முன்பு சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் மிகப் பரவலாக இருந்த வழக்கம். மின்சாரம் தடைப்படும் கோடை இரவுகளில் அது இன்றும் தானாகவே திரும்பிவிடுகிறது. மாடியில் காற்று குளிர்ச்சியாக இருக்கும் என்பதே இந்த வழக்கத்துக்கு எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. மே மாதத்தில் நகரின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். அந்த மாதத்தில் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு நீரே 29, 30 டிகிரி அளவில் இருப்பதால், அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று அதைவிடப் பெரிதும் குளிர்ந்து வர வழியில்லை. பகலில் தகித்து இரவில் நடுங்கவைக்கும் பாலைநிலத்து ஏற்றத்தாழ்வைக் கடற்கரை நகரம் அறியாது. அப்படியிருந்தும், அறைக்குள் புரண்டு புரண்டு படுத்தவர் மாடிக்கு வந்த சிறிது நேரத்தில் கண்ணயர்ந்துவிடுகிறார் என்றால், காற்றின் வெப்பநிலைக்கு அப்பால் வேறொன்றும் அங்கே வேலை செய்கிறது என்று கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்ற எளிய கேள்வியிலிருந்து அதை விளக்கத் தொடங்கலாம். அறைக்குள் அது பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம். மாடியில் அது வானம்.

உறங்கும் மனித உடல் இடைவிடாது ஏறத்தாழ 70 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஒப்பான இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும், இல்லையெனில் உடலின் வெப்பநிலை ஏறிவிடும். வெளியேறும் வழிகள் நான்கு. படுக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோல் வழியே கடத்தலாகச் செல்வது ஒன்று, தோலை ஒட்டிய காற்று சூடேறி விலகிச் செல்லும்போது அதனுடன் செல்வது இன்னொன்று, வியர்வை ஆவியாகும்போது அதனுடன் போவது மூன்றாவது, நான்காவது, கதிர்வீச்சு. எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை இடைவிடாது வெளியிடுகின்றன. அதே வேளையில் எதிரே உள்ள பொருள்கள் வெளியிடும் கதிர்களை வாங்கிக்கொள்ளவும் செய்கின்றன. கொடுப்பது மிகுந்தால் குளிர்ச்சி, வாங்குவது மிகுந்தால் வெக்கை. அடுப்பங்கரையில் அடுப்பை அணைத்த பிறகும் சற்று நேரம் முகத்தில் படும் அனல் இவ்வாறு வருவதே. மற்ற மூன்று வழிகளையும் மக்கள் தம் அனுபவத்தால் நன்கு அறிந்திருக்கிறார்கள். விசிறுகிறார்கள், ஈரத்துணி போர்த்துகிறார்கள், மெத்தையை விட்டுத் தரையில் படுக்கிறார்கள். கதிர்வீச்சு மட்டும் காற்றின் பெயரிலேயே கணக்கு வைக்கப்பட்டு வந்திருக்கிறது.

அறைக்குள் படுத்திருப்பவருக்கு இந்தக் கதிர்களைப் பெரிதும் அனுப்புவது தலைக்கு மேலுள்ள கூரை. நகரின் பழைய வீடுகளின் கூரை இன்றைய கான்கிரீட் தளத்திலிருந்து வேறு வகையானது. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக் கலையில் பெயர்பெற்ற அந்த முறையில், தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்தி வைத்து மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். தடிமனும் நுண்துளைகளும் கொண்ட அந்தக் கூரையின் வழியே வெப்பம் மெதுவாகவே இறங்கும். மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய தெருக்களிலும் மாட வீதிகளிலும் எஞ்சியிருக்கும் சில வீடுகளில் உயரமான உட்கூரையோடு சேர்த்து இந்த அமைப்பை இன்றும் காணலாம். பின்னர் வந்த கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின் தடிமன் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர்; அதன்மேல் தட்டோடு பதித்தாலும், பிற்பகல் 2 மணி அளவில் மேற்பரப்பு எட்டிய உச்ச வெப்பம் சில மணி நேரத்தில் அடிப்பரப்பை வந்தடைந்துவிடும். வெப்பத் தாமதம் என்று பொறியாளர்கள் குறிப்பிடும் இந்த இடைவெளி, குடும்பம் படுக்கையை விரிக்கும் நேரத்தோடு ஒத்துப்போவதுதான் துன்பம். தளத்தின் மேற்புறம் கடற்காற்றாலும் திறந்த வானத்தாலும் குளிரத் தொடங்கிவிட்ட பிறகும், அடிப்புறம் அறைக்குள் வெப்பத்தைப் பொழிந்துகொண்டே இருக்கிறது. மின்விசிறி அந்த உட்கூரையை ஒட்டிய சூடான காற்றையே கீழே தள்ளுகிறது. ஆகவே ஒரே தளத்தின் மேற்புறத்தில் படுப்பவரும் அடிப்புறத்தில் படுப்பவரும், 15 சென்டிமீட்டர் இடைவெளியில், வெவ்வேறு பருவங்களில் உறங்குகிறார்கள் என்றே சொல்லலாம்.

இரவு 10 மணிக்கு உட்கூரையின் வெப்பநிலை 35 டிகிரி என்றும், படுத்திருப்பவரின் தோலின் வெப்பநிலை 34 டிகிரி என்றும் கொண்டால், தோல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேல்நோக்கி வெளியிடும் கதிர்வீச்சு ஏறத்தாழ 500 வாட். உட்கூரையிலிருந்து அது திரும்பப் பெறுவது 510 வாட். கொடுத்ததைவிட வாங்கியது கூடுதல் என்பதால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அறைக் காற்றும் 33 டிகிரியில் நின்றுவிட்டால் காற்றின் வழியும் ஏறக்குறைய அடைபட்டு, 70 வாட் வெப்பத்தில் பெரும்பகுதியை வியர்வையே சுமக்க நேர்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அந்தக் கணக்கில் மணிக்கு நூறு கிராம் வியர்வை முழுவதுமாக ஆவியாக வேண்டும், ஏழு மணி நேர உறக்கத்தில் அது முக்கால் லிட்டரை நெருங்கும். தலையணையில் ஊறிப் போகும் வியர்வையும் வழிந்து சொட்டும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை என்பதால், சுரப்பது இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டியிருக்கும். கோடையில் நள்ளிரவில் தாகத்தோடு விழித்தெழுவதன் காரணம் இதுவே.

இனி அதே உடலை மாடிக்குக் கொண்டுசெல்லலாம். வானம் வெற்றிடம் அன்று. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் தாமே அகச்சிவப்புக் கதிர்களைக் கீழ்நோக்கி வெளியிடுகின்றன. ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் அவை பெரிதும் குறுக்கிடுவதில்லை. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வளிமண்டலச் சாளரம் என்று வானியலாளரும் வானிலையாளரும் அழைக்கும் இந்த இடைவெளியின் வழியே, தரையிலுள்ள பொருள்களின் வெப்பம் தடையின்றி விண்வெளியின் பெருங்குளிருக்குத் தப்பிச் செல்கிறது. மனித உடல் வெளியிடும் கதிர்வீச்சின் உச்சம் 9 முதல் 10 மைக்ரோமீட்டருக்குள் அமைவதால், அது இச்சாளரத்தின் நடுவிலேயே விழுகிறது. சென்னையின் ஈரமிக்க காற்று இச்சாளரத்தைப் பாதி மூடிவிடுகிறது என்பது உண்மைதான்; வறண்ட நாடுகளில் வானம் காற்றைவிட 20 டிகிரி வரை குளிர்ந்த கூரையைப்போல நடந்துகொள்ள, மே மாதச் சென்னையில், காற்றின் வெப்பநிலை 30 டிகிரியாகவும் அதன் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை 25 டிகிரியாகவும் உள்ள தெளிந்த இரவில், வானம் ஏறத்தாழ 23 டிகிரிக் கூரைக்கு இணையாகிறது. அதுவே போதும். 23 டிகிரிக் கூரை அனுப்புவது சதுர மீட்டருக்கு 435 வாட். தோல் கொடுப்பது 500 வாட். கான்கிரீட்டின் கீழ்ச் சிறிது நட்டத்தில் இருந்த கணக்கு, வானத்தின் கீழ்ச் சதுர மீட்டருக்கு 65 வாட் அளவுக்கு உடலுக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது. மெல்லிய காற்று வீசினால் அதன் வழியே செல்லும் வெப்பத்தையும் இதனுடன் சேர்க்க வேண்டும். பிறகு வியர்வைக்கு அதிக வேலை இருப்பதில்லை, தோல் உலர்ந்துவிடுகிறது. 'உடம்பு ஆறுகிறது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். அந்தச் சொல் அறிவியலுக்கு மிக நெருக்கமான சொல்.

திறந்த வானம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஆற்றல் இந்திய மண்ணில் வெகுகாலமாகப் பயன்பட்டிருக்கிறது. சர் ராபர்ட் பார்க்கர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதிய குறிப்பு, அலகாபாத் பகுதியில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி உண்டாக்கிய முறையை விவரிக்கிறது: ஆழமற்ற குழிகளில் கரும்புச் சக்கையையும் தட்டைகளையும் பரப்பி, அதன்மேல் மெல்லிய மண்தட்டுகளில் நீரை ஊற்றித் திறந்த வெளியில் வைத்தால், காற்று உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் விடியலுக்குள் நீர் உறைந்துவிடும். கீழே இட்ட சக்கை தரையின் வெப்பம் ஏறாமல் தடுத்தது. மேலே திறந்திருந்த வானம் நீரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டது. மண்தட்டில் கசிந்த நீரின் ஆவியாதலும் துணைபுரிந்தது. அப்போது இதன் காரணம் தெளிவாகவில்லை. புல்லின்மேல் பனித்துளி ஏன் படிகிறது என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் ஆராய்ந்து விளக்கிய பின்னரே, தெளிந்த வானத்தின் கீழ் உள்ள பொருள் காற்றைவிடக் குளிர்ந்துபோகும் என்ற உண்மை நிலைபெற்றது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் அவருடைய குழுவினரும் 2014-இல் அறிவித்த மென்படலம், நேரடி வெயிலிலும் சுற்றுக் காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்திருந்தது. வெயிலைத் திருப்பியனுப்பிவிட்டு, வளிமண்டலச் சாளரத்தின் வழியே மட்டும் வெப்பத்தை வெளியிடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. கோரைப் பாயில் மல்லாந்து கிடக்கும் உடல் இரவில் செய்வதும் இயற்பியல் நோக்கில் அதே வேலைதான்.

காற்றின் பங்கை இதனால் குறைத்து எண்ணிவிடக் கூடாது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேற, நிலத்தின் மேலுள்ள காற்று எழும்பி, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்நோக்கி வருகிறது. கத்திரி வெயில் நாட்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்திருந்தால் கடற்காற்றின் வரவு தள்ளிப்போகும். அது பிற்பகல்வரை வராத நாட்களே நகரின் மிகக் கொடிய நாட்கள். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி இத்தகைய நிலையின் உச்சம். கடற்காற்று வந்துவிட்டால் அது மாலை முழுதும் வீசி, முன்னிரவு கடந்து படிப்படியாகத் தணிகிறது. மயிலாப்பூரின் கிழக்குப் பகுதியும் பெசன்ட் நகரும் கடலோரத்திலேயே இருப்பதால் அதை முதலில் பெறுகின்றன. சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த தியாகராய நகரை அடைவதற்குள் அது எண்ணற்ற சுவர்களில் மோதி வலுவிழக்கிறது. தரையை ஒட்டிய காற்றைக் கட்டடங்களும் மரங்களும் உராய்வால் தடுக்கின்றன என்பதால், தெருவில் இலை அசையாத நேரத்திலும் இரண்டாம் மாடித் தளத்தில் சேலைத் தலைப்பு பறக்கும் அளவுக்குக் காற்று இருக்கும். நள்ளிரவுக்குப் பின் கடற்காற்று ஓய்ந்து, நிலத்திலிருந்து வரும் காற்று தொடங்காத ஓர் இடைவேளை உண்டு. மாடியில் படுத்துப் பழகியவர்களுக்கு அந்த இறுக்கம் நன்கு தெரியும். அதைத் தாண்டுவதற்கு வானம் மட்டுமே அப்போது துணை.

வானத்தின் எவ்வளவு பகுதி கண்ணுக்குத் திறந்திருக்கிறது என்பது இவ்விடத்தில் முக்கியமாகிறது. இதற்குத் தியாகராய நகர் ஓர் எடுத்துக்காட்டு. அது 1920-களில், நீண்ட ஏரி எனப்பட்ட மயிலாப்பூர் ஏரியின் படுகையில் உருவாக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைப் பெற்றது. ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானாலும் அது சராசரியாக 140 வாட் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதைக் கொண்டு, ஏரி மறைந்தபோது அந்தப் பகுதி எதை இழந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏரிக்குப் பின் வந்த தோட்ட வீடுகளின் மாடிகளுக்காவது வானம் முழுதாகக் கிடைத்தது. இப்போது இரண்டு மாடி வீட்டைச் சுற்றி ஐந்து, ஆறு மாடி அடுக்ககங்கள் எழும்போது, படுத்திருப்பவரின் பார்வையில் வானம் சுருங்கி, அந்த இடத்தை மேற்கு வெயிலில் காய்ந்த சுவர்கள் நிரப்புகின்றன. அவையும் உட்கூரையைப்போலவே வெப்பத்தை அனுப்புகின்றன. அடுக்ககங்களின் குளிர்சாதன வெளிக்கருவிகள் இதைவிடப் பெரிய கேடு. ஒன்றரை டன் கருவி ஒன்று முழு வேகத்தில் இயங்கும்போது அறையிலிருந்து எடுத்த 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தோடு, தான் செலவிடும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து ஏறத்தாழ 7 கிலோவாட்டை வெளியே ஊதுகிறது. நூறு பேர் உறங்கும்போது வெளியிடும் வெப்பத்துக்கு அது சமம். ஒரு வீட்டின் அறைக் குளிர்ச்சி பக்கத்து மாடியின் வெக்கையாகிறது என்பதை அண்டை வீட்டார் சச்சரவாக மட்டும் பார்ப்பது போதாது. நகரம் தன் இரவை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

அடையாற்றின் நிலை வேறு. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி 1882 முதல் பிரம்மஞான சபையின் தோப்பும், சற்று மேற்கே கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி வளாகமும் அடர்ந்த பசுமையைக் காத்து வருவதால், அவற்றை அடுத்த காந்தி நகர், கோட்டூர்புரம் வீடுகளின் தரையும் சுவர்களும் பகலில் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. ஆயினும் இரவில் படுப்பதற்கு மரத்தடியைவிட மொட்டை மாடியே ஏற்றது. இலைக்கூட்டம் ஏறக்குறையக் காற்றின் வெப்பநிலையிலேயே இருப்பதால், மரத்தின் கீழ் இருப்பவருக்கு 23 டிகிரி வானத்துக்குப் பதிலாக 30 டிகிரிக் கூரையே கிடைக்கிறது. பகலுக்கு மரமும் இரவுக்கு வெட்டவெளியும் என்ற பழைய வீட்டுமுறை இயற்பியலோடு முற்றிலும் இசைகிறது.

சிலப்பதிகாரம் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இரண்டு உறங்குமிடங்களை வேறுபடுத்துகிறது. கோடைக்கு உரியது காற்றாடும் மேல்மாடம், குளிருக்கு உரியது சிறு சாளரங்களை அடைத்துக்கொள்ளும் அறை. திறந்த மேல்தளத்தைக் குறிக்கும் அரமியம் என்ற சொல்லும் அதில் வருகிறது. நெடுநல்வாடை நிலவின் பயனைத் துய்ப்பதற்கென்றே அமைந்த வெண்ணிற முற்றத்தைக் குறிப்பிடுகிறது. வீட்டை மாற்றாமல், வீட்டுக்குள் உறங்குமிடத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இந்தச் சிந்தனை தமிழ் நகரங்களில் எவ்வளவு பழையது என்பதற்கு இச்சொற்களே சான்று. வெள்ளைச் சுதை பூசிய தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த வெண்மை அழகுக்காக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை.

மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றும் வழக்கமும் கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது. நான்கு பேர் படுக்கப் போதுமான 10 சதுர மீட்டர்ப் பரப்பும் 10 சென்டிமீட்டர்த் தடிமனும் கொண்ட கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க 2,100 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். 15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீர் முழுதும் ஆவியானால் 36,000 கிலோஜூலை எடுத்துச் செல்லும். பாதி வழிந்தோடினாலும், மீதியில் ஒரு பங்கு காற்றின் வெப்பத்தையே எடுத்துக்கொண்டாலும், தளம் பல டிகிரி இறங்கிவிடும். சென்னையின் ஈரக் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாதே என்ற ஐயத்துக்கு விடை தளத்தின் சூட்டிலேயே உள்ளது: 45 டிகிரித் தளத்தில் படர்ந்த நீர், சுற்றிலும் உள்ள காற்று தாங்கியிருக்கும் ஆவியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தோடு ஆவியாக முனைகிறது. ஆகையால் சூரியன் சாய்ந்து தளம் இன்னும் சுடும்போதே ஊற்றுவது பயன் தரும். இரவு 9 மணிக்கு ஊற்றினால் பாய்தான் நனையும். அவ்வாறு குளிர்ந்த தளத்தின்மேல் விரிப்பதற்குக் கோரைப் பாய் பொருத்தமானது. பத்தமடைப் பாயின் நயம் இல்லாத சாதாரணக் கோரையும்கூட, இடைவெளிகளில் காற்றைப் புகவிட்டு, முதுகின் வியர்வையை உலரவைக்கிறது. நார்க்கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ இதில் இன்னும் ஒரு படி மேல். அதில் படுத்தவருக்குக் கீழிருந்தும் காற்று கிடைக்கும். பஞ்சு மெத்தையை மாடிக்குக் கொண்டுவருபவர், மேலே திறந்த கதவைக் கீழே மூடிவிடுகிறார்.

உடல் ஆறுவதற்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு தற்செயலானது அன்று. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி உடலின் நாள்கடிகாரமாக இயங்குகிறது. அதன் ஆணைப்படி மாலையிலிருந்தே உடலின் உள்வெப்பநிலை இறங்கத் தொடங்கி, விழிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன் மிகக் கீழான நிலையை அடைகிறது. மொத்த இறக்கம் ஒரு டிகிரி அளவே. அந்த வெப்பத்தை வெளியேற்ற உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சுவிட்சர்லாந்தில் குர்ட் கிரௌச்சியும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, கைகால்களின் நுனிகள் வெதுவெதுப்பாக இருப்பது உறக்கம் விரைவில் வருவதற்கான நல்ல அறிகுறி என்று காட்டியது. பாதம் சூடாவது உடல் தன் மையத்தைக் குளிர்விக்கிறது என்பதன் அடையாளம். 35 டிகிரிச் சுவர்களுக்கிடையே இந்த ஒரு டிகிரியை இறக்க இடமில்லை, மாடியில் இருக்கிறது. கனவுகள் மிகுதியாக வரும் விரைவிழி உறக்கத்தில், மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் அந்தக் கட்டத்தில், வியர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் உடலின் திறன் பெரிதும் தளர்ந்துவிடுகிறது. அந்தக் கட்டம் பின்னிரவிலேயே நீள்கிறது என்பதால், புழுக்கமான அறையில் உறங்குபவர் தொடக்கத்தில் அசதியால் அயர்ந்தாலும் விடியலுக்கு முன் அடிக்கடி விழித்துக்கொள்கிறார்.

ஒளியின் கதையும் இதனோடு பின்னியது. விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கான அணுக்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் நாள்கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் அணுக்களும் உண்டு. அவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகுதியாகக் கூர்மை காட்டுகின்றன. அந்த ஒளி இரவில் கண்ணில் பட்டால், உடலுக்கு இரவை அறிவிக்கும் மெலடோனின் என்ற சுரப்பு தள்ளிப்போகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைட் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் ராக்கி மலைப் பகுதியில் கோடையில் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கினர். பகலில் வெயிலும் இரவில் நெருப்பின் வெளிச்சமும் தவிர வேறு விளக்கில்லை. வார முடிவில் அவர்களுடைய மெலடோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்கூட்டியே தொடங்கியது. இரவில் நெடுநேரம் விழித்திருக்கும் பழக்கமுடையோரிடம் மாற்றம் மிகுதியாக இருந்தது. தியாகராய நகர் உஸ்மான் சாலைக்கருகே ஒரு மாடியில் வெண்ணிற எல்இடி தெருவிளக்கின் கீழ் படுப்பவருக்கு இந்தப் பயன் முழுதாகக் கிடைக்காது. விளக்கின் நேர்வெளிச்சம் கண்ணில் படாதபடி கைப்பிடிச் சுவரின் நிழலிலோ தண்ணீர்த் தொட்டியின் மறைவிலோ பாயை விரிப்பதும், கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டு வருவதும் இங்கே செய்யக்கூடியவை.

நகரொளி மிகுந்த வானத்திலும் சில விண்மீன்கள் எஞ்சுகின்றன. மே மாதத் தொடக்கத்தில் இரவு 11.30 மணி அளவில் செம்மஞ்சள் நிறச் சுவாதி ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அதற்குத் தெற்கே வெண்ணீலச் சித்திரை மேற்காகச் சாய்ந்திருக்கும். தென்கிழக்கில் விருச்சிகத்தின் செந்நிறக் கேட்டை ஏறி வரும். 13 பாகை அட்சரேகையில் அமைந்த நகரம் என்பதால், முன்னிரவில் தென்திசை அடிவானத்துக்குச் சற்று மேலே தென்சிலுவை மீன்கூட்டமும் தெரியும். வட இந்தியாவின் பெரும்பகுதிக்கு அது எட்டாக் காட்சி. உறங்கி நடுவில் விழித்தவர், சுவாதி எவ்வளவு மேற்கே சரிந்திருக்கிறது என்பதைக் கொண்டே மணியை உத்தேசமாகச் சொல்லிவிடலாம்; ஒரு மணிக்கு 15 பாகை, அதாவது நீட்டிய கையில் விரித்த சாணின் அளவைவிடச் சற்றுக் குறைவு.

இந்த இன்பத்துக்கு எதிராக நிற்பது கொசு. பக்கிங்காம் கால்வாயிலும் கூவத்திலும் தேங்கும் கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் இரவில் கடிப்பது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடுவது. அதாவது, படுக்கும் மாடியிலேயே அதன் பிறப்பிடமும் இருக்கக்கூடும் என்பதால், தொட்டியின் மூடி இறுகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது படுக்கை விரிப்பதற்கு முந்தைய வேலை. கொசு பறக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். கடற்காற்று அதைவிட வேகமாக வீசும்வரை கொசுவால் நிலையாக வந்து அமர முடிவதில்லை, மூச்சுக்காற்றின் கரியமில வாயுவைத் தொடர்ந்து வரும் அதன் வழியும் கலைந்துவிடுகிறது. காற்று ஓயும் பின்னிரவுக்கு வலை தேவை. வலை காற்றின் வேகத்தைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும் என்றாலும், அதன் துளைகளின் வழியே வானத்துக்குச் செல்லும் கதிர்வீச்சில் பெரும்பகுதியை அது தடுப்பதில்லை. கூடாரத் துணி காற்று, வானம் இரண்டையுமே அடைத்துவிடுகிறது. ஆகவே, குழந்தைகளின் விருப்பத்துக்காக மே மாதத்தில் மாடியில் கூடாரம் அடிப்பவர்கள், மேல்துணியை அகற்றிவிட்டு வலைப்பகுதியை மட்டும் நிறுத்துவது நல்லது.

கூடாரத்துக்கு உரிய பருவம் மார்கழியும் தையும். காற்று 21 டிகிரிக்கு இறங்கி, அதன் பனிப்படியும் வெப்பநிலையும் அதற்கு மிக அருகில் நிற்கும் அந்த இரவுகளில், கோடையில் நன்மை செய்த அதே கதிர்வீச்சு, போர்வையையும் தலையணையையும் காற்றைவிடக் குளிர்வித்துப் பனியில் நனைத்துவிடும். மேலே ஒரு துணி இருந்தால் பனி அதன்மேல் படியும். உள்ளே இருப்பவருக்கு வானத்துக்குப் பதில் காற்றின் வெப்பநிலையை ஒட்டிய கூரை கிடைக்கும். பெரியவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு 'பனி இறங்குகிறது' என்று சொல்வது வழக்கம். பனி மேலிருந்து இறங்குவதில்லை, குளிர்ந்த பரப்பில் அங்கேயே உருவாகிறது. ஆனால் மேலே ஒரு மறைப்பு வேண்டும் என்ற அவர்களுடைய முடிவு சரியானது.

இந்த வழக்கம் குறைந்துபோனதற்குப் பல காரணங்கள் உண்டு. அடுக்ககங்களில் மாடிக்கதவு பூட்டிக் கிடக்கிறது. சாவி எவரிடம் என்பதே பலருக்குத் தெரியாது. பொது இடத்தில் பாய் விரிப்பது கூச்சமாகிவிட்டது. மாடியும் கைப்பிடிச் சுவரும் பாதுகாப்பும் வாய்த்தவர்களின் விருப்ப உறக்கத்தோடு, வேறு இடமின்றி நடைபாதையில் படுப்போரின் உறக்கத்தைச் சேர்த்துப் பேசுவது தகாது. பகலெல்லாம் வெயில் வாங்கிய தார்ச்சாலையும் இருபுறச் சுவர்களும் விளக்கும் இரைச்சலும் அவர்களுக்கு வானத்தின் பயனில் பெரும்பங்கை மறுத்துவிடுகின்றன. பூட்டிய மாடிகளோ அதே இரவில், எவரும் படுக்காமல், தம் வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மே மாதத் தொடக்கத்தில் அதிகாலை 5.20 அளவில் கீழ்வானம் வெளுக்கிறது. காகங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். தளம் இரவின் மிகக் குளிர்ந்த நிலையில் இருப்பது அப்போதுதான், உறங்குபவர் காலடியில் கிடந்த போர்வையைத் தேடுவதும் அப்போதுதான். 5.45-ஐ ஒட்டிக் கடல்மேல் எழும் சூரியன் முதலில் தண்ணீர்த் தொட்டியின் உச்சியைத் தொட்டு, அரை மணி நேரத்தில் கிழக்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே விழுகிறது. பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்குவதற்குள் தட்டோட்டின்மேல் வெதுவெதுப்பு ஏறத் தொடங்கியிருக்கும்.